காற்றுக்குப் புள்ளி வைக்காதவர்

அவர் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது இரண்டு கண்ணும் திறந்திருக்கும். அவர் மேல் எனக்கு முதல் வயிற்றெரிச்சல் அங்கேதான் பற்றியது.

மற்றவர்கள் ஒரு கண்ணை இறுக்கி மூடி, வாயையும் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டுதான் குழாயில் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். அவர் இடது கண்ணைக் குழாயில் வைப்பார். வலது கண் பக்கத்தில் கிடக்கும் காகிதத்தின் மேல் இருக்கும். கொஞ்ச நேரம் போனால் கண்ணாடியில் தெரிகிற உருவம் காகிதத்தில் வந்து படுத்துக்கொள்ளும், அதன் மேலேயே பென்சிலை ஓட்டவேண்டியதுதான் என்பார். ஒரு வாரம் முயன்றேன். காகிதம் தெரிந்தால் உருவம் தெரியவில்லை. உருவம் தெரிந்தால் காகிதம் காணாமல் போயிற்று. தலைவலி மட்டும் நிலைத்தது.

"அவசரப்படாத மாப்ள. கண்ணு ரெண்டும் ஒரு வீட்டு மருமக ரெண்டு பேரு மாதிரி. கொஞ்ச நாள் ஒரே அடுப்புல சமைச்சாத்தான் சண்டை ஓயும்" என்றார்.

என்னை அவர் மாப்ள என்று கூப்பிடுவதும் எனக்குப் பிடிக்காது. மதுரையில் யார் யாரை வேண்டுமானாலும் மாப்ள என்பார்கள். ஆனால் அவர் சொல்லும்போது நிஜமாகவே பெண் கொடுத்தவர் போல ஒரு குழைவு இருக்கும். நான் அவரைப் பாய் என்றேன். கல்லூரி முழுவதும் அப்படித்தான் கூப்பிட்டது. பெயர் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதுகிற யோக்கியதை எனக்கில்லை.

நான் வாடிப்பட்டிக்குப் பக்கத்து ஊரான். மூன்றாம் பாரம் படிக்கும்போது அப்பா காலராவில் போனார்; பள்ளிக்கூடமும் அதோடு போயிற்று. நாடகக் கம்பெனியில் மேடைப் படுதா எழுதினேன். கம்பெனி உடைந்தது. இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் ஒன்றரை வருஷம், தூத்துக்குடி உப்பளத்தில் ஒரு கோடை, பிறகு மறுபடியும் ஒரு நாடகக் கம்பெனி, அதுவும் உடைந்தது. மதுரை ரயிலடியில் படுத்து எழுந்த நாள்கள் உண்டு. பசி இருந்தது. அந்த நாளில் யாருக்குத்தான் இல்லை? தர்பார், நந்தவனம், அடர்ந்த காடு மூன்று படுதாவையும் ஒரே பகலில் எழுதி முடிப்பேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவன் வாயைப் பிளக்க வேண்டும். நான் கற்ற வித்தை அவ்வளவுதான், அதில் எனக்கு ஈடாக ஒருவனை நான் அதுவரை பார்த்ததில்லை.

கல்லூரி ஒன்றில் உயிரியல் வகுப்புக்குச் சுவர்ப்படங்கள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். புத்தகத்தைப் பார்த்துத் தவளையின் வயிற்றைத் திறந்த படம் ஒன்றை முழத்துணியில் எழுதிக் காட்டினேன். ரத்தக்குழாய்களுக்குச் சிவப்பும் நீலமும் போட்டு, ஈரலுக்கு மினுமினுப்பு ஏற்றியிருந்தேன். மாணவர்கள் கைதட்டினார்கள். அப்போதிருந்த வயதான பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"படுதா நல்லா இருக்கு" என்றார்.

தினக்கூலிக்குச் சேர்த்துக்கொண்டார். அந்தச் சொல் மட்டும் எனக்குள் முள்ளாய்க் கிடந்தது.

பாய் வந்தது எனக்கு ஆறு மாதம் பின்னால். அவர் குடும்பத்துக்குப் பள்ளிவாசல் பக்கத்துச் சந்தில் பாத்திரங்களில் பெயர் வெட்டுகிற கடை. கல்லூரி விடுதியின் தட்டும் டம்ளரும் களவுபோகாமல் இருக்க அவற்றில் அடையாளம் வெட்ட வந்தவர்தான் அவர். தாழ்வாரத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து சிறு உளியும் சுத்தியலுமாக டிக் டிக் என்று தட்டிக்கொண்டிருந்தார். கோடே கிடையாது. புள்ளி, புள்ளி, புள்ளி. விலகி நின்று பார்த்தால் எழுத்து. பேராசிரியர் வகுப்புக்குப் போகிற வழியில் நின்றவர் அரைமணி நேரம் நகரவில்லை.

"பாய், பென்சில் பிடிப்பீங்களா?"

"பென்சில்ல சத்தம் வராதே சார். புள்ளி விழுந்துச்சா விழலையான்னு எப்பிடித் தெரியும்?"

பேராசிரியர் சிரித்துக்கொண்டே அவரை உள்ளே அழைத்துவந்துவிட்டார். உயிரியல் படத்தில் நிழல் தீட்டக் கூடாது என்பது விதி. நிழல் என்பது மழுப்பல். இங்கே இருட்டு என்றால் புள்ளிகள் நெருக்கமாக, வெளிச்சம் என்றால் புள்ளிகள் தள்ளித்தள்ளி, அவ்வளவுதான் அனுமதி. ஓரக்கோடு ஒரே கோடாக, கையெடுக்காமல் வரவேண்டும். நான் தவளையை வரைந்தால் மயிர் மயிராக நாலு கோடு இழுத்து, அதில் நல்ல கோட்டை வைத்துக்கொண்டு மற்றதை அழிப்பேன். வாரத்துக்கு ஒரு ரப்பர் கரையும். பாயின் மேஜையில் ரப்பரே கிடையாது. பித்தளையில் விழுந்த புள்ளியை யார் அழிக்க முடியும்? அந்தப் பழக்கம். ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருப்பார், காகிதம் வெள்ளையாகக் கிடக்கும். சோம்பேறி என்று நான் மனத்துக்குள் சொல்லிக்கொள்வேன். பிறகு பென்சில் இறங்கும். இறங்கினால் அந்தப் படம் முடிந்துதான் எழும்.

கண்ணால் பார்க்காத ஒன்றுக்கு ஒரு புள்ளி வைக்கமாட்டார். இது படத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வாழ்க்கை முழுவதும் அப்படித்தான்.

ஒருமுறை மளிகைக்கடை முதலாளி ஒருவர் கோயிலுக்குக் குத்துவிளக்கு வாங்கி, அதில் 'உபயம்' என்று தன் பெயரை வெட்டச் சொல்லி அவர் கடைக்குக் கொண்டுவந்தாராம்.

"கோயில்ல குடுத்தாச்சாண்ணே?"

"வெள்ளிக்கிழமை குடுக்கப்போறேன்."

"அப்ப வெள்ளிக்கிழமை குடுத்துட்டு அங்கயிருந்து கொண்டாங்க. வெட்டித் தாரேன்."

விளக்கு இன்னொரு கடைக்குப் போனது. கடையைப் பார்த்துக்கொண்ட அவருடைய அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

மைத்துனிக்கு மாப்பிள்ளை பார்க்க இவரை அனுப்பினார்கள். பையன் பழங்காநத்தத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. திரும்பி வந்தவரை வீட்டுப் பெண்கள் சூழ்ந்துகொண்டு எப்படி இருக்கிறான் என்று கேட்டார்கள். "துணி கிழிச்சுக்கிட்டு நின்னாப்ல. வலது பக்கம்தான் தெரிஞ்சுச்சு. வலது பக்கம் நல்லா இருக்காப்ல" என்றாராம். மாமியார் அதன்பிறகு ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

நோன்பு முடியும் மாலையில் பிறை பார்க்க அவரைத்தான் மாடிக்கு ஏற்றுவார்கள், கண் அப்படி. ஒரு வருஷம் மேற்கே மேகம். தெருவே "தெரியுது, தெரியுது" என்று கத்துகிறது. சேமியா வறுத்துத் தயாராக இருக்கிறது. இவர் மாடியிலிருந்து இறங்கி வந்து, "மேகத்தைப் பார்த்தேன். மேகம் நல்லாத் தெரிஞ்சுச்சு" என்றிருக்கிறார். பிறகு வேறு ஊரிலிருந்து தகவல் வந்து பெருநாள் உறுதியானது. எல்லோரோடும் சேர்ந்து இவரும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு தொழப் போனார். ஆனால் பார்த்தேன் என்று கடைசிவரை சொல்லவில்லை.

இந்தக் கதைகளை ஆய்வுக்கூடத்தில் நடித்துக் காட்டுகிறவன் நான்தான். மாமியாரின் குரல், மளிகைக்கடைக்காரரின் நடை எல்லாம் செய்வேன். நாடகக் கம்பெனியில் இருந்தவனுக்கு அது பெரிய காரியமா? சிரிப்பில் அவர் சிறுத்துப்போவார் என்று எனக்கு எண்ணம். மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனார்கள்.

"பாய், புத்தகத்துல ஒம்பது செல் போட்டிருக்கு. எனக்கு ஏழுதான் தெரியுது."

"ஏழு தெரிஞ்சா ஏழு போடு தம்பி. ஒம்பது அந்தப் புத்தகம் எழுதுனவரு பார்த்தது. அவருக்கு மார்க்குப் போட்டாச்சு."

என்னிடம் வந்திருந்தால் ஒன்பதையும் ஒரு நிமிஷத்தில் வரைந்து கொடுத்திருப்பேன். யாரும் வரவில்லை.

பேராசிரியர் ஓய்வு பெற்றுப் போனார். இளம் விரிவுரையாளர் ஒருவர் வந்தார். சுறுசுறுப்பானவர், கெட்டவர் அல்ல. புத்தகம் நிறையப் படித்தவர். மைக்ராஸ்கோப்பில் குனிய அவருக்குப் பொறுமை குறைவு. வந்ததும் இரண்டு செய்திகள் சொன்னார். ஒன்று, படம் வரைய நிரந்தரமாக ஒரு ஆள் வைத்துக்கொள்ள அனுமதி வந்திருக்கிறது, ஜூன் மாதத்திலிருந்து, ஒரே ஆள். இரண்டு, மாணவர்களுக்காகச் செய்முறைப் புத்தகம் ஒன்று அச்சிடப்போகிறார். அதில் முதல் படம் அல்லித் தண்டின் குறுக்குவெட்டு. இருவரும் வரைய வேண்டும். யார் படம் புத்தகத்தில் ஏறுகிறதோ அவர் பெயரை வேலைக்கு எழுதி அனுப்புவார்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ஒரே கதவை இரண்டு வருஷம் தொடர்ந்து திறந்தவனில்லை. அந்த வேலையோடு கல்லூரிக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் ஒரு அறை உண்டு. அதைப் போய் இரண்டு தடவை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்தேன். பாய்க்கும் அது தேவைதான். கடையில் ஒரு குடும்பத்துக்குத்தான் சோறு வரும், நீ வேறு வழி பார்த்துக்கொள் என்று அவருடைய அண்ணன் சொல்லிவிட்டிருந்தார். அதை அவரே என்னிடம் சொன்னார், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி.

வண்டியூர்க் கண்மாயில் இறங்கி அல்லித் தண்டை நானே பறித்து வந்தேன். சவரக்கத்தியால் மெல்லிய வில்லையாக வெட்டித் தண்ணீரில் விட வேண்டும். பாய் இருபது வெட்டி அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். நான் நாலு வெட்டினேன். ஒன்றை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, சொட்டு கிளிசரின் விட்டு, மேலே கண்ணாடிச் சில்லைப் போட்டுக் குழாயில் கண் வைத்தேன்.

அல்லித் தண்டுக்குள் பெரிய பெரிய காற்றறைகள் இருக்கும். தண்ணீருக்குள் நிற்கிற செடி, மூச்சுவிட வேண்டுமல்லவா? சுற்றிலும் சிறு செல்கள் தேனடை மாதிரி. இதெல்லாம் புத்தகத்திலும் இருந்தது. புத்தகத்தில் இல்லாத ஒன்று என் கண்ணில் பட்டது. இரண்டு அறைகளுக்கு நடுவில், அச்சில் வார்த்தது போல ஒரு வட்டம். தடித்த கரிய விளிம்பு, உள்ளே ஒரு வெள்ளொளி. மற்றதெல்லாம் அதன் முன்னால் மங்கிப்போயிற்று. நான் அதை விடுவேனா? விளிம்புக்கு இரட்டைக்கோடு கொடுத்தேன். உள்ளே பௌர்ணமி நிலவுக்குப் போடுகிற மாதிரி இளநிழல் போட்டேன். படமே அந்த வட்டத்தால் எழுந்து நின்றது.

பாயின் படத்தில் அந்த வட்டம் இல்லை. அவர் வேறு வில்லையைப் பார்த்து வரைந்திருந்தார். விரிவுரையாளர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என் படத்தின் மேல் விரல் வைத்தார். "பாரேன், இதை இவர் ஒருத்தர்தான் கவனிச்சிருக்கார்" என்றார். இங்கிலீஷில் அதற்கு நீளமாக ஒரு பெயர் சூட்டினார். தமிழில் சொன்னால் பெரிய நடுக்காற்றறை என்று வரும்.

அன்று நான் டீக்கடையில் எனக்குத் தெரியாதவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் அச்சகத்திலிருந்து ஆள் வந்து, நிழல் போட்ட படத்துக்கு அச்சுக்கட்டை எடுக்க முடியாது, புள்ளியாக இருந்தால்தான் அச்சில் விழும் என்றான். விரிவுரையாளர் யோசிக்கவே இல்லை.

"பாய், இவரு படத்தை அப்படியே மசியில புள்ளி வச்சுக் குடுத்துருங்க."

என் படத்தை அவர் கை நகலெடுக்கப்போகிறது! அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை. அதற்காக வெட்கப்பட்டு வெகுநாளாயிற்று, ஆனாலும் மறக்கவில்லை.

பாய் படத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்த ஸ்லைடு இருக்கா மாப்ள?" என்றார்.

"எதுக்கு? படம்தான் இருக்குல்ல?"

"சும்மா ஒருக்காப் பார்த்துக்கிறேன்."

எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு உட்கார்ந்தார். குழாயின் பக்கத்திருகை மெல்ல ஏற்றினார், இறக்கினார். மறுபடி ஏற்றினார். அவர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. பரிகாசம் இல்லை, தெரிந்தவரைத் தெருவில் கண்டால் வருகிற சிரிப்பு. ஊசியை எடுத்தார்.

"இங்க வந்து பாரு மாப்ள. கண்ணை எடுக்காத."

நான் குனிந்தேன். அவர் ஊசி முனையால் கண்ணாடிச் சில்லின் ஓரத்தை மெல்ல அழுத்தினார். என் பெரிய நடுக்காற்றறை நடுங்கியது. நீண்டது. நெளிந்தது. பிறகு செல்களின் மேலேயே வழுக்கிக்கொண்டு போய் ஓரத்தில் முட்டிக் காணாமல் போனது. அது இருந்த இடத்தில் மற்ற இடத்தைப் போலவே தேனடை.

"காத்து மாப்ள. கண்ணாடிக்கு அடியில மாட்டிக்கிட்ட காத்து. செடிக்குள்ள இல்ல. செடிக்கு மேல குந்தியிருந்திருக்கு. விளிம்பு இம்புட்டுக் கறுப்பா, இம்புட்டு ரவுண்டா இருந்தாலே சந்தேகப்படணும்."

நான் குழாயிலிருந்து கண்ணை எடுத்தேன்.

"ஒண்ணும் ஆகிப்போகல. நீயே போயி சாருகிட்டச் சொல்லிரு. நான் இப்பவே நல்லதா ஒண்ணு வெட்டித் தாரேன், வரைஞ்சு குடு. புள்ளியும் நானே வச்சுத் தாரேன். உன் படமாவே போகட்டும்."

அவர் அதை மனதாரச் சொன்னார். வேலை என்னிடமே இருக்கட்டும் என்றுதான் அதற்கு அர்த்தம். அந்த வேலை போனால் அவர் வீட்டில் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். இப்படி ஒருவன் எதிரில் நின்றால் காலில் விழவேண்டும். எனக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்துகொண்டு வந்தது. வேலை போவதைக்கூடத் தாங்கியிருப்பேன். எத்தனையோ வேலை போயிருக்கிறது. இவர் கொடுத்து, அதை நான் வாங்கி, ஆயுசுக்கும் அந்த அறையில் படுத்துக்கிடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"அவரு பேரு வச்சுட்டாரு பாய். பேரு வச்ச பிள்ளைய இப்ப இல்லேன்னு எப்பிடிச் சொல்றது?"

"பேரு வச்சா மட்டும் பிள்ளை பொறந்துருமா?" என்று சிரித்தார்.

"மத்தவன் யாரு பார்க்கப்போறா? நீங்க பாட்டுக்குப் புள்ளிய வச்சுக் குடுங்க."

"எம்புட்டு வேணாலும் வைக்கிறேன். அதுல வைக்க மாட்டேன்."

"ஏன், கை வலிக்குமா?"

"வலிக்கும்போலத்தான் இருக்கு" என்றார், கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் மதியம் படத்தைக் கொண்டுவந்து வைத்தார். என் வாழ்நாளில் அப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்லை. நான் நிழலால் மழுப்பியிருந்த இடமெல்லாம் செல் செல்லாகத் துலங்கியது. அவ்வளவுக்கும் நடுவில் காலணா அகலத்துக்கு வெள்ளையாக ஒரு பொத்தல்.

"என்ன பாய், இதை விட்டுட்டீங்க?" விரிவுரையாளர் கேட்டார். செய்முறை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பாய் என்னைப் பார்த்தார். நான் சொல்வதற்கு இடம் விட்டார். நான் ஒரு பென்சிலைக் கூர்சீவிக்கொண்டிருந்தேன்.

"அது காத்து சார்" என்றார்.

"அல்லித் தண்டுக்குள்ள காத்து இல்லாம அல்வாவா பாய் இருக்கும்?"

பின்வரிசையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"அந்தக் காத்து இல்ல சார். கண்ணாடிக்குக் கீழ மாட்டுன காத்து. ஸ்லைடைப் பாருங்க, இப்ப அங்க ஒண்ணும் இருக்காது."

விரிவுரையாளர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். "ஆமா, இல்லையே" என்று நிமிர்ந்தார். அவர் முகத்தில் சந்தேகம் வந்துவிட்டது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் நியாயம் தானாகவே நடந்திருக்கும்.

"நேத்து பாய் ஊசியால அழுத்தினாரு சார்" என்றேன் நான். "அதுக்கு முந்தி இருந்துச்சு."

நான் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. அதை இன்றுவரை பலமுறை சரிபார்த்திருக்கிறேன்.

"அழுத்தினீங்களா பாய்?"

வேறு யாராக இருந்தாலும் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பார்கள். லேசாகத் தொட்டேன், தெரியாமல் பட்டது, எத்தனையோ இருக்கிறது சொல்ல. அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துதானே நான் அந்த வார்த்தையை எடுத்தேன்.

"அழுத்துனேன் சார்."

"பிறகு எப்படி இருக்கும்? செக்‌ஷனைக் கெடுத்துட்டு இல்லைங்கிறீங்க."

"புதுசா ஒண்ணு வெட்டிக் காட்டுறேன் சார். அதுல இருக்கான்னு பாருங்க."

"எல்லாத் தண்டும் ஒண்ணுபோல இருக்குமா? அச்சாபீஸ் ஆளு வாசல்ல நிக்கிறான் பாய்." என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, நீயே முடிச்சுக் குடுத்துரு."

பாய் ஸ்டூலிலிருந்து எழுந்தார். அது அவருடைய ஸ்டூல். அதில் நான் உட்கார்ந்தேன், மசிப்பேனாவை எடுத்து அந்தப் பொத்தலுக்குள் புள்ளி வைக்க ஆரம்பித்தேன். அவர் போகவில்லை; என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். இப்போது திட்டப்போகிறார் என்று பிடரியெல்லாம் காத்திருந்தேன்.

"பேனாவ நேரா நிறுத்து மாப்ள" என்றார். "சாஞ்சா புள்ளிக்கு வால் முளைச்சுரும்."

அவர் கேலி செய்யவில்லை. மோசமான புள்ளி ஒன்று காகிதத்தில் விழுவதைப் பொறுக்க முடியாமல் சொன்னார். நான் பேனாவை நிமிர்த்தினேன். அப்படியும் நாலைந்துக்கு வால் இருக்கிறது. அந்தப் புத்தகம் யாரிடமாவது இருந்தால் பார்க்கலாம். மற்றப் புள்ளிகள் எல்லாம் கடுகு மாதிரி இருக்கும், அந்த வட்டத்துக்குள் மட்டும் தலைப்பிரட்டை மாதிரி.

ஜூன் மாதம் வேலை எனக்கு வந்தது. அறையும் வந்தது. அவருடைய சவரக்கத்தி ஒன்று ஆய்வுக்கூடத்தில் கிடந்தது. அதை எடுக்க ஒருநாள் வந்தார். தோல்வாரில் நாலு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "வாரேன் மாப்ள. சாயங்காலம் மைக்ராஸ்கோப்ப மூடி வைக்காமப் போயிராத, தூசி அடையும்" என்றார். ஒரு வசவு வைதிருந்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால், நானும் அவரும் ஒரு அளவாக ஆகியிருப்போம். அதற்கும் அவர் இடம் கொடுக்கவில்லை. உலக யுத்தம் வந்து பித்தளை அருகிப்போனபோது கடையை மூடிவிட்டார்கள் என்றும், அவர் கொட்டாம்பட்டிப் பக்கம் ஏதோ வேலைக்குப் போனார் என்றும் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை.

புத்தகம் அச்சாகி வந்த வருஷம், அல்லித் தண்டு செய்முறை நாள். விரிவுரையாளர் கரும்பலகையில் பாகங்களின் பெயரை எழுதிப்போட்டுவிட்டு அறைக்குப் போய்விட்டார். ஒவ்வொரு பெயருக்கும் மார்க்கு. வகுப்பு நேரம் பாதி போனதும் மேலூர்ப் பக்கத்து மாணவன் ஒருவன் என் மேஜைக்கு வந்தான். நோட்டில் எல்லாம் வரைந்திருந்தான், நடுவில் மட்டும் விட்டிருந்தான்.

"அண்ணே, எல்லாம் கெடச்சிருச்சு. இந்தப் பெரிய நடு அறை மட்டும் எங்கிட்டு இருக்குன்னே தெரியலண்ணே. மூணு தடவை வெட்டிட்டேன்."

அவன் ஸ்லைடை வாங்கிப் பார்த்தேன். அருமையாக வெட்டியிருந்தான். துளி காற்று இல்லை.

இதுதான் சரி, இப்படியே வரை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் நேரே விரிவுரையாளரிடம் போவான். புத்தகத்தில் இருக்கிறதே என்பான். பேச்சு எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

"வச்ச விதம் சரியில்ல தம்பி" என்றேன்.

மேலே போடுகிற கண்ணாடிச் சில்லை ஒரு ஓரமாகச் சாய்த்து, மெல்ல மெல்ல இறக்க வேண்டும். அப்போதுதான் காற்று வெளியேறும். நான் சில்லைக் கழற்றினேன். உயரத்திலிருந்து தட்டையாகப் போட்டேன். முதல் தடவை சின்னச்சின்னதாக மூன்று விழுந்தது. மறுபடி கழற்றிப் போட்டேன். நல்ல உருண்டையாக ஒன்று. அதை ஊசியால் ஓரத்தை அழுத்தி அழுத்தி ஓட்டிக்கொண்டு வந்து, இரண்டு அறைகளுக்கு நடுவில், புத்தகத்தில் இருக்கிற இடத்தில் நிறுத்தினேன்.

"இப்பப் பாரு."

அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தான். "ஆமாண்ணே! அச்சா அப்பிடியே இருக்கு!" என்றான். பார்த்துப் பார்த்து வரைந்தான்.

அவன் கூவியது பக்கத்து மேஜைக்குக் கேட்டிருக்கிறது. எனக்கும் வரலண்ணே, எனக்கும் பாருங்கண்ணே என்று ஒருவன் பின்னால் ஒருவனாக வந்து நின்றார்கள். வகுப்பு முடியும்வரை வரிசை குறையவில்லை. நான் அந்த வேலையில் இருந்த நாலு வருஷமும், அல்லித் தண்டு நாளில் எனக்கு இதுதான் வேலை.

"மத்த யாரு போட்டாலும் வரமாட்டேங்குது. உங்களுக்கு மட்டும் எப்பிடிண்ணே வருது?" என்று ஒருவன் கேட்டான். கண்ணில் அவ்வளவு ஆசையும் பொறாமையும்.

"கைராசி தம்பி" என்றேன்.

அடுத்தவன் ஸ்லைடை நீட்டினான்.